நாற்பது டன் சக்களத்தி

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லும்படி போனில் கேட்டார்கள். போன் வந்தது தை மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காலையில். நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் என்னைப் பார்த்தபோது வந்ததில்லை.

சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பட்டறை. ராணுவத்தின் பழைய மீட்பு வண்டிகளைப் பிரித்துச் சீர்செய்து கொடுக்கிறார்கள். அந்த வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆள் வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம். தங்க இடம் உண்டு, குடும்பத்தோடு தங்க முடியாது. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரலாம்.

"கூப்புடறாங்க," என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டேன், தெரிந்தேதான்.

"அவள ரிப்பேர் பண்ணத்தான்."

அவர் அந்த வண்டியை 'அது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரோடு வேலை செய்தவர்களெல்லாம் வடக்கத்தி ஆட்கள். இந்தியில் வண்டி பெண்பால்; அவர்கள் பேசிப் பேசி அவருக்கும் 'அவள்' ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாங்கின் உடம்பை அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே சுழலும் பீரங்கிக் கூண்டை மட்டும் விட்டுவிட்டுக் கட்டும் வண்டி அது. பீரங்கி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிரேன், முன்பக்கம் மண்ணில் ஊன்றிக்கொள்ள அகலமான இரும்புத் தகடு, வயிற்றுக்குள் கம்பிவடம் சுற்றிய பெரிய உருளை. எடை நாற்பது டன்னுக்கு மேல். சேற்றில் சிக்கிய டாங்கையும் அடிபட்டு நின்ற டாங்கையும் போய் இழுத்து வருவதுதான் அதன் வேலை. ஊர்வலத்தில் ஜனங்கள் கை தட்டுவதெல்லாம் பீரங்கி வண்டிக்குத்தான். ஆனால் டாங்குப் படைகளின் பழைய போர்களைப் பற்றி நான் படித்தவரையில், பகலில் இழந்த டாங்குகளை மறுநாளுக்குள் இழுத்து வந்து ஓட வைத்த பக்கமே பல இடங்களில் தாக்குப்பிடித்திருக்கிறது. போர்க்கதைக்காக அதையெல்லாம் படித்தேனா என்றால் இல்லை. எதிராளியைத் தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.

எனக்குத் தேதிகளில் ஒரு பிடிவாதம் உண்டு. பாகூர் கோயில் கல்வெட்டில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்கிறவள் நான். ஏரி எந்தக் கிழமை நிரம்பியது, செலியமேட்டில் முதல் நடவு எந்த வாரம் என்பதும் என்னிடம் இருக்கும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரிடம், திருமணமான புதிதில் ஒரு நாள், நம் கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டேன்.

"ஆவணி கடசி. இல்ல புரட்டாசி மொதல்ல."

புரட்டாசியில் எந்த வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? சரியென்று விட்டுவிட்டு, அந்த வண்டி அவர் படைப்பிரிவுக்கு எப்போது வந்தது என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம. ரயில்லேர்ந்து எறக்குனோம். தூறல் போட்டுகினு இருந்திச்சி. எடது பக்க விளக்குல ஒரு கீறல்."

அதைச் சொன்னபோதுதான் அந்த வெளிச்சத்தை அவர் முகத்தில் முதல்முறை பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அவள் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது என்பதால், குழுவில் எல்லாமே கைச்சைகைதான். விரலைச் சுழற்றினால் இஞ்சினைப் போடு. இரண்டு கைவிரல்களைக் கொக்கிபோலக் கோத்தால் வடத்தை மாட்டு. விரித்த கையை உயர்த்திப் பிடித்தால் 'தயாரா?', பதிலுக்கு அதேபோல் உயர்த்தினால் 'தயார்.' மூடிய முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விடுப்பில் வருகிற நாட்களில் இவ்வளவும் எங்கள் சமையலறைக்குள் நடக்கும். தண்ணீர் மோட்டார் போட விரலைச் சுழற்றுவார். சோறு போதும் என்றால் முஷ்டி. வாய் திறந்து 'போதும்மா' என்றால் என்ன குறைந்துவிடும்? அவளோடு பேசும் பாஷையில் என்னோடு பேசுகிறாரே என்று எரிச்சலாக இருக்கும். எரிச்சலோடேயே அத்தனை சைகையையும் கற்றுக்கொண்டேன்.

போன் வந்த செய்தி வியாழக்கிழமை ஓரகத்திக்குத் தெரிந்துவிட்டது. காலம் தப்பிப் பெய்த மழையில் நனைந்துகொண்டே வந்தாள்.

"இன்னா தங்கச்சி, சக்களத்தி ஆள் வுட்டு கூப்ட்டாளாமே?"

"ஆமாக்கா."

"போட்டும்னு வுட்டுடு. அவளுக்கு நீ சோறா ஆக்கணும்? டீசல் ஊத்துனா போதும், கெடப்பா."

சிரித்தேன். ஆனால் ராத்திரியும் பகலும் அதே நினைப்புதான். அவருடைய இளமையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை, அது சம்பளம். ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரே கூரையின் கீழ் இரண்டு பொங்கல்தான் கண்டோம். அதற்குள் மறுபடியுமா? போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லவும் கௌரவம் விடவில்லை. இரும்போடு போட்டிக்கு நின்றதாக ஆகிவிடுமே.

சனிக்கிழமை காலையில் மச்சாண்டார், அதாவது அவருடைய அண்ணன், ஆள் அனுப்பினார். அறுப்புக்கு வந்த செயின் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மிஷின், வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த மூலையில் இறங்கிவிட்டது. ஒரு பக்கத்து ரப்பர் பெல்ட் முழுக்கச் சேற்றுக்குள். நாங்கள் போவதற்குள் ஊரே கூடியிருந்தது. தார்ச்சாலையில் டிராக்டரை நிறுத்தி வடம் கட்டி ஒருமுறை இழுத்தும் பார்த்திருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். வண்டி சிக்கினால் நிற்கிறவர்கள் எல்லோரும் 'போடு, போடு' என்பார்கள், டிராக்டர்காரன் யார் குரல் பெரிதோ அதைக் கேட்பான். அப்படிப் போட்டதில் அறுப்பு மிஷின் இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது.

ஆத்தூரிலிருந்து வந்த மிஷின் டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாளைக்கு கரையாம்புத்தூர்ல வண்டி நிக்கணும்ங்க. ஓனரு என்னைய உசுரோட உட மாட்டாருங்க."

மச்சாண்டாருக்குப் பொறுமை இல்லை. "டேய், இன்னொரு டிராக்டரு சேத்து கட்டி இஸ்தா வந்துடும்டா."

"வரும்ணே," என்றார் என் கணவர். "மேல் பாதி வரும். பெல்ட்டு இங்கியே கெடக்கும்."

அவர் வயலைச் சுற்றி நடந்தார். மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியான இடம் பார்த்துக் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டச் சொல்லி, ஒரு பனந்துண்டைப் போட்டுப் புதைத்து, வடத்தின் ஒரு நுனியை அதில் கட்டினார். வில்லியனூர் லாரிப் பட்டறையிலிருந்து வரவழைத்த கப்பியை மிஷினில் மாட்டி, வடத்தை அதில் சுற்றி, மறு நுனியைச் சாலையில் நின்ற டிராக்டருக்குக் கொண்டுபோனார். இப்படிச் சுற்றினால் ஒரு டிராக்டர் இரண்டு டிராக்டரின் பலத்தில் இழுக்கும். அந்த இரண்டு மணி நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது வடத்தை அல்ல, அவர் முகத்தை. புதன்கிழமை பார்த்த அதே வெளிச்சம். ஒரு வாடகை மிஷினுக்குக்கூட அது கிடைக்கிறதே என்று வயிறு எரிந்தது.

பிறகு கூட்டத்தை விரட்டினார். "வடம் எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரம் தள்ளிப் போங்க. அறுந்தா மாமன் மச்சான்னு பாக்காது."

"கல்யாணத்துல பந்திலேர்ந்து எழுப்பற மாரி எழுப்புறாம்பா," என்று யாரோ முனகியபடி நகர்ந்தார்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வயலுக்கும் சாலைக்கும் நடுவே கருவேலம் புதர். மிஷினருகில் நிற்கும் அவரை டிராக்டர்காரன் பார்க்க முடியாது. இஞ்சின்கள் ஓடும்போது சத்தமும் கேட்காது. வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். அவர் மேட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மேல ஏறு. நான் காட்றத அப்டியே அவனுக்குக் காட்டு."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போடுன்னு நான் ஒருத்தன்தான் சொல்லுவேன். நிறுத்துன்னு யாரு வேணா சொல்லலாம். யாரு சொன்னாலும் நிக்கணும். ஏன்னு அப்பால கேட்டுக்கலாம்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். டிராக்டர்காரனுக்கு நான்கு சைகை சொல்லிக்கொடுத்தேன். அவர் விரலைச் சுழற்ற, நான் சுழற்ற, இரண்டு இஞ்சினும் எழுந்தன. அவர் கையை உயர்த்தினார், நான் உயர்த்தினேன். டிராக்டர்காரன் பதிலுக்கு உயர்த்தினான். வடம் தரையை விட்டெழுந்து விறைத்தது. மிஷின் ஒரு மாதிரி முனகி, அசைந்தது.

அப்போது பனந்துண்டு புதைத்த இடத்தில் மண் வெடிப்பதைப் பார்த்தேன். அவர் பார்வை பெல்ட்டில் இருந்தது, பள்ளம் அவர் முதுகுப் பக்கம். அவரைக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தெரிய முஷ்டியைத் தூக்கினேன்.

டிராக்டர் நின்றது. ஓரக்கண்ணில் என் கையைக் கண்டு அவரும் அதே நொடியில் மிஷின் டிரைவருக்கு முஷ்டி காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பள்ளத்தைக் காட்டினேன். போய்ப் பார்த்தார். பனந்துண்டின் ஒரு முனை மேலே வந்திருந்தது. முன்பக்கம் இரண்டு முளை அடிக்கச் சொல்லி, கல் ஏற்றி, மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை மிஷின் மெல்ல, சேறு சப்புக்கொட்ட, மேலே ஏறி வந்தது.

கூட்டம் விசிலடித்தது. நான் மேட்டிலிருந்து இறங்கி வந்தேன். அவர் என் பக்கம் வருவார் என்று நினைத்தேன். நேராக மிஷினிடம் போய், பெல்ட்டின் சேற்றை உள்ளங்கையால் வழித்துவிட்டு, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரகத்தி என் காதோரம் சொன்னாள், "பாத்துக்க, இன்னொருத்தி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் கூடத்தின் அந்தக் கோடியில் நின்றார். நான் இந்தக் கோடியில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கி பதில் சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க."

"நீ இன்னா சொல்ற?"

நான் தட்டுகளை அடுக்கினேன். கடைசித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். விரித்த கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விளையாட்டு இல்லை. எத்தனையோ விடுப்பு முடிந்து எத்தனையோ முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். ஒரு தடவையும் இப்படி நின்றதில்லை.

அவர் கை வலிக்கும்வரை நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். அந்தக் கையில், நகக்கண்ணில், நேற்றைய சேறு இன்னும் இருந்தது. நான் கையை உயர்த்தினால் அவர் சந்தோஷமாகப் போவார் என்பதும் தெரிந்தது.

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். முஷ்டியைத் தூக்கினேன்.

அவர் கையை இறக்கிவிட்டார். முகத்தில் அந்த வெளிச்சம் அணைவதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் வாசலுக்குப் போகாமல், என் எதிரிலேயே நின்று போனில் "வர முடியாதுங்க சார்" என்றார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "வூட்ல நிறுத்திட்டாங்க," என்றார்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. மாசி பிறந்துவிட்டது. ஏன் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன விதிதான். கேட்டால் சொல்வதற்குப் பதில் வைத்திருக்கிறேன், அவ்வளவு பெருமையான பதில் அல்ல. அவர் போனைத் திறந்தால் முதலில் தெரிவது இன்னும் அவள் படம்தான், இடது விளக்கில் கீறலோடு. சாயங்காலம் அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதை அடுப்படியிலிருந்து பார்க்கிறேன். எரியத்தான் செய்கிறது. மோட்டார் போட வேண்டுமென்று விரலைச் சுழற்றுகிறேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறார்.