தம்பிக்காக இளைத்தவள்

பார்சல் அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து மூன்றுதான். ஆனால் ஆள் பெரிய ஆள். காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் கவுண்ட்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம்வரை எழ மாட்டாள். பெட்டியை வாங்குவாள், எடை பார்ப்பாள், ரசீது கிழிப்பாள். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் ஒரு பிஸ்கட். பசிக்காக அல்ல, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். அவள் ஒரு தலைவலிக்குக்கூட விடுப்பு எடுத்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, பஸ் டிரைவர். எந்தக் காலத்திலோ உடம்புக்குள் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி அங்கேயே தங்கி, அவன் ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அவனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் செய்தி கேட்டவர்கள் எல்லோரும் முதலில் விசாரித்தது அதைத்தான். வயிறு வீங்கியது, கண் மஞ்சளித்தது. ஈரல் மாற்றுவதுதான் வழி என்றார் டாக்டர். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்று விளக்கினார். தம்பி மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது.

"எடுத்துக்கோங்க" என்றாள் பெரியக்கா, பையில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்வது போல.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். "உங்க ஈரல்ல முப்பது சதவீதம் கொழுப்பு இருக்கும்மா. இப்படியே எடுத்து அவருக்கு வைக்க முடியாது. பத்துக்குக் கீழே கொண்டு வாங்க."

"எத்தனை நாள் இருக்கு?"

"அவர் மூணு மாசம் தாங்குவார்னு நினைக்கிறேன்."

வார்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். அவன் தலையணையில் சாய்ந்தபடியே சிரித்தான். "இத்தனை வருஷமா எனக்குன்னு நீ சேத்து வச்சது இதைத்தானாக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எதுவோ மரத்துப்போயிருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

உணவு ஆலோசகர் மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண். பட்டினி போடப் போகிறாள் என்று எண்ணித்தான் பெரியக்கா போனாள்.

"பட்டினி கிடந்தா ஈரல் இன்னும் கெட்டுப்போகும்" என்றாள் அந்தப் பெண். "நல்லாச் சாப்பிடுங்க. பாதித் தட்டு காய்கறி. கால் தட்டு பருப்பு, இல்லேன்னா முட்டை, மீன். மிச்சம் இருக்கிற கால் தட்டுதான் சோத்துக்கு. முதல்ல காய், கடைசியில சோறு. டீயில சர்க்கரை வேணாம். பழத்தைக் கடிச்சுச் சாப்பிடுங்க, ஜூஸ் ஆக்காதீங்க. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுத் தின்னுற எதையும் வாங்காதீங்க. சாப்பிட்டதும் அரைமணி நேரம் நடங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா தினமும்."

சர்க்கரை இல்லாத டீ நான்கு நாள் கழனித் தண்ணியாக இருந்தது. ஐந்தாம் நாள் நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை, வெறும் டீயாக இருந்தது. முதல் வாரம் மதியமெல்லாம் தலை இடித்தது. பிறகு அதுவும் நின்றது. சரக்கு ஏற்றும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "வழி விடுங்கடா, பெரியக்கா ரோந்து வர்றாங்க" என்று சுமை தூக்குகிறவர்கள் கத்தினார்கள். அவளுடைய கணவர் எலக்ட்ரீஷியன். யாரும் சொல்லாமலே அவரும் அதே தட்டுக்கு மாறிக்கொண்டார். "ஆட்டுக்குப் போட வேண்டியதை எல்லாம் எனக்குப் போடுற" என்று முனகுவார். முனகிக்கொண்டே முட்டைக்கோஸைக் காலி செய்வார்.

அலுவலகத்தில் ஒருவர் பிறந்தநாளுக்கு கேக் வெட்டினார். அவள் பங்கைக் கையில் வாங்கி, பக்கத்து கவுண்ட்டர்க்காரரிடம் நீட்டினாள். "என்னா மனஉறுதி!" என்றார் அவர். மனஉறுதி ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாக்கு எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவாள். வாசலில் நுழையும்போதே அவன் கேட்பான், "எவ்வளவு?"

"எண்பத்தி ஒண்ணு கிலோ."

"நீ இளைக்க இளைக்க நான் ஊதுறேன் பாரு."

பதினோராம் வாரம் மறுபடி ஸ்கேன். எட்டு சதவீதம். டாக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். பெரியக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் சேர்ந்த நீரில் கிருமி தொற்றியிருக்கிறது, அது அடங்காமல் கத்தி வைக்க முடியாது என்றார்கள். புதன்கிழமை வந்தது, போனது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வேகவைத்த பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி எதிரே வந்து நின்றாள்.

"அண்ணி, போயிட்டாரு."

பெரியக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். டப்பாவை மூடினாள். அப்புறம்தான் எழுந்தாள். வேறு எதற்கும் கூசாதவள், அந்த ஒரு வாய் பீன்ஸை நினைத்து மட்டும் வெகுநாள் கூசினாள்.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். ரவிக்கைகள் தொளதொளவென்று தொங்கின. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளே அடையாளம் தெரியலையேம்மா! என்ன பண்ணுனீங்க?"

பெரியக்கா சொன்னாள். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு, கால் தட்டு சோறு. சர்க்கரை கூடாது. சாப்பிட்டதும் நடக்கணும். அந்தப் பெண்மணி பேனாவை வாங்கிப் பார்சல் படிவத்தின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

"ஏதாவது விசேஷத்துக்காகக் குறைச்சீங்களா?"

"சும்மாதான்" என்றாள் பெரியக்கா. "அடுத்த ஆள் வாங்க."

வீட்டில் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "இனிமே உனக்குப் பிடிச்சதைச் சாப்பிடலாமே."

"எனக்கு என்ன பிடிக்கும்னு தெரியலங்க."

மறுநாளும் அதே அளவில் காய் நறுக்கினாள். எடை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிறு வந்ததும் கால் தானாகத் தம்பி வீட்டுக்கு நடந்தது. பாதி வழியில்தான் எதற்குப் போகிறோம் என்று தோன்றியது. திரும்பிப் போகவும் மனமில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தம்பி மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டித் துண்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுப்பு மூட்டிப் பல நாள் ஆகியிருந்தது தெரிந்தது.

"என்ன சாப்பிட்ட?"

"இதுதான் அண்ணி. பசிக்கல."

பெரியக்கா கூடையைத் துழாவினாள். இரண்டு கேரட், வாடிய கீரை, மூன்று முட்டை. அரிசி களைந்து வைத்தாள், கீரையை ஆய்ந்தாள். அரைமணி நேரத்தில் இரண்டு தட்டு ஆயிற்று. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

தம்பி மனைவி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு என் மேல கோபமா அண்ணி? காய்ச்சல் வந்த அன்னிக்கே நான் கவனிச்சிருந்தா..."

"இல்லம்மா."

"யார் மேலயாவது?"

பெரியக்கா யோசித்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "தெரியல. ஒண்ணுமே தெரியல எனக்கு. நீ சாப்பிடு, ஆறுது."

தம்பி மனைவி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். பெரியக்கா எழுந்து போட்டாள். பாத்திரங்களை இருவரும் சேர்ந்து கழுவினார்கள். கிளம்பும்போது, புதன்கிழமை வேலை விட்டதும் வருவதாகவும், வரும்போது காய் வாங்கி வருவதாகவும் சொன்னாள்.

"பூசணி வேணாம் அண்ணி, பிடிக்காது" என்றாள் தம்பி மனைவி.

"சரி" என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள் பெரியக்கா.