ஊருக்குப் போய்ட்டாங்க

நெய்வேலியில் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு தகரப் பெட்டியும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் இருந்தன. பெட்டியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பற்றி விசாரிக்காத ஆளில்லை. "தமிழ்தானே பேசுறீங்க, அப்புறம் எதுக்கு விசா?" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாள் கேட்டாள். எனக்கா தெரியும்? விசா கேட்கிறவர்களைப் போய்க் கேளுங்கோ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

என் கணவர் திருநெல்வேலிக்காரர். யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் ஊர் சிமெண்ட் ஆலைக்கு இயந்திர வேலையாக வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வந்து சேர்ந்தோம். அவருக்கு அது ஊர் திரும்பியது. எனக்கு வெளிநாடு. ஒவ்வொரு வருஷமும் நான் இங்கே இருக்கலாம் என்று யாராவது ஒருவர் முத்திரை குத்த வேண்டும்.

எங்கள் பிளாக்கில் பல ஜில்லாக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்தே எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தால் மட்டும், "நீங்க மலையாளமா?" என்பார்கள். முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. பிறகு பேசுவதையே விட்டுவிட்டேன். அவருக்கு நைட் ஷிப்ட் வந்தால் பகலெல்லாம் தூங்குவார். சத்தம் கேட்கக் கூடாதென்று கரண்டியைக்கூடப் பார்த்து வைப்பேன். சில நாட்களில் மாலையாகும்வரை என் குரல் எனக்கே கேட்காது.

பாத்திரம் தேய்க்க வந்தவள் ஒருத்திதான் நான் பேசினால் சிரிக்காதவள். என் அம்மாவின் வயதிருக்கும். அவளுடைய ஊரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது; அது இருந்த இடத்தில் அப்போது சுரங்கம் இருந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் அக்காள் வீட்டை ஒட்டி ஒரு கூரை போட்டுக்கொண்டு, அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனாள்.

அடுத்த வருஷமே கர்ப்பமானேன். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது எங்களூரிலும் வழக்கம். அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். வடக்குப் பக்க அறையை வெள்ளையடித்துவிட்டாளாம். பிள்ளை பெற்றவளுக்குக் கறிக்குப் போடும் சரக்குத்தூளை இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டாளாம். நான் போக வேண்டியதுதான் பாக்கி.

போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் விசா முடிகிற தறுவாயில் இருந்தது. நீண்ட நாள் தங்கவும், போய்த் திரும்பி வரவும் புது விசா வாங்காமல் போனால், பிள்ளையோடு அந்தக் கரையில் நான், இந்தக் கரையில் அவர். டாக்டரம்மா வேறு, எட்டு மாதம் பிறந்த பிறகு ரயிலும் கப்பலும் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்குள் விசா வந்தாக வேண்டும். கடலூருக்குப் போய் மனுவையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்தோம். விசாரணைக்கு ஆள் வருவார், நீங்கள் அந்த விலாசத்தில் இருக்கிறீர்களா என்று பார்ப்பார், பிறகு கிடைத்துவிடும் என்றார்கள்.

வாரங்கள் போயின. ஆள் வரவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஓடுவேன். தபால்காரனாக இருக்கும், இல்லாவிட்டால் மோர்க்காரியின் மகன். என் வயிறு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் லீவு போட்டுவிட்டுக் கடலூருக்குப் போனார். மாலையில் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, நீ எப்பம் ஊருக்குப் போன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?"

"ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கு. ஆள் நாட்டை விட்டுப் போயாச்சாம். மனுவக் கட்டி மேல போட்டுட்டான்."

ஆள் வந்திருக்கிறார்! நான் மத்தியானம் படுத்திருந்த ஒரு நாளில் வந்திருக்கிறார். வாசலில் பாத்திரம் தேய்க்கிறவள் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை அவள். பெருமையாகவே சொன்னாள்.

"ஆமாம்மா, காக்கிச் சட்டக்காரன் உங்க பேரு போட்ட காயிதத்த வச்சிகினு நின்னான். நானா காட்டிக் குடுப்பேன்? அவங்க ஊருக்கே போய்ட்டாங்கன்னு சொல்லித் தொரத்திட்டேன்."

"அடி பாவி! அந்த ஆளைத்தானே நான் பார்த்துக்கொண்டு இருந்தனான்!"

அவளுக்குப் புரியவில்லை. கையில் சாம்பலோடு நின்றாள். "கவருமெண்டு காயிதம் வந்தா ஆளு இல்லன்னுதாம்மா சொல்லணும். எங்க ஊருல அப்படித்தான். வூட்டுல இல்லன்னு சொன்னவங்கல்லாம் இன்னும் கொஞ்ச நாளு குந்திகினு இருந்தாங்க. எம் வூட்டுக்காரரு அந்தக் காயிதத்த ரேக வச்சு வாங்கினாரு, மொதல்ல எங்க வூடுதான் போச்சு."

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? கோபம் அடங்கவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போ என்றேன். அதற்குப் பிறகு அவளோடும் பேசுவதில்லை. அவள் வருவாள், தேய்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், போவாள். இருந்த ஒரு பேச்சுத் துணையையும் நானே வெட்டிவிட்டு, அம்மாவின் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு அழுவேன். அம்மா வரலாமென்றால் அவளுக்கும் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், மூட்டுவலிக்காரியைக் கூட்டி வர ஆள் வேண்டும்.

மறுபடியும் மனு. மறுபடியும் ஆள் வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எட்டாம் மாதமும் பிறந்துவிட்டது.

வலி எடுத்த அன்று அவர் சுரங்கத்தில் இருந்தார். பாத்திரம் தேய்க்கிறவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். "அம்மா, அம்மா" என்று கத்தினேன். "தோ இருக்கேன் கண்ணு, தோ இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை யார் கூப்பிட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்தக் கையை நான் விடவில்லை.

மகன் தவழத் தொடங்குமுன் விசா வந்தது. இவ்வளவு காலம் தங்கலாம், போய்த் திரும்பலாம் என்று நீல மையில் முத்திரை. அதைப் பயன்படுத்தத்தான் வழியில்லை. ஒரு முறை அவருக்கு லீவு இல்லை, ஒரு முறை பிள்ளைக்கு அம்மை. புறப்படும்போது அவன் நன்றாக ஓடுகிறவனாகிவிட்டான், பாத்திரம் தேய்க்கிறவளின் இடுப்பிலேயே வளர்ந்து பேச்சும் வந்திருந்தது. தலைமன்னாரில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எத்தனை நாள் நிற்பீங்கள்?" என்று கேட்டார். நான் பிறந்த நாட்டில் என்னைக் கேட்டார்.

வீட்டில் வடக்கு அறையின் வெள்ளை மங்கியிருந்தது. அலமாரியில் அந்தப் போத்தல் அப்படியே இருந்தது. தூளில் பூச்சி ஓடியிருந்தது. "எறிய மனம் வரேல்லை பிள்ளை" என்றாள் அம்மா. பிறகு காலை மடக்க முடியாமல் மடக்கித் தரையில் உட்கார்ந்து, "என்னட்டை வா ராசா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். அவள் இன்னும் கிட்ட நகர்ந்தாள். அவன் முகத்தை என் காலில் புதைத்து, யாரிடம் பேச்சுப் பழகினானோ அவளுடைய குரலில் முனகினான். "வூட்டுக்குப் போலாம்மா. வா, வூட்டுக்குப் போலாம்."

நான் சிறுமியாக ஓடித் திரிந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"பிள்ளை என்ன கேக்குது?" என்றாள் அம்மா. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது.

"பசிக்குதாம் அம்மா."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுவரைப் பிடித்து எழுந்து, பேரனுக்குச் சோறு போட அடுப்படிக்குப் போனாள்.