ஒரே ஒரு மதியம் கேட்ட பிக்கப்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிதார் வந்தது. மதுரையில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழு விற்றது. ராஜபாளையத்தில் கிதார் வாசிக்கிற பெண் என்று அப்போது எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பாவின் பழைய ஸ்பானிஷ் கிதாரில் விரலைத் தேய்த்துப் பழகியிருந்தேன். அதனால் புதிதாக வந்ததும் என் மடிக்கே வந்தது.

சில மாதங்களிலேயே அதன் குரல் அடைத்துப்போனது. எலெக்ட்ரிக் கிதாருக்கு மற்ற கிதார் மாதிரி வயிறு கிடையாது, வெறும் கட்டைதான். கம்பிகளுக்கு அடியில், காந்தத்தின் மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதுதான் பிக்கப். மேலே மீட்டுகிற கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அது. எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள காயில் அந்துபோச்சு பாப்பா. வேற பிக்கப்தான் போடணும்" என்றார்.

குழுவை நடத்திய அண்ணன் மில் ஆபீசில் வேலை பார்த்தவர். மெட்ராஸில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர் மூன்று பிக்கப் கொடுத்தனுப்பினார். போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேச்சு. ஒன்று ஏதோ வெளிநாட்டுக் கிதாரிலிருந்து கழற்றிய ஒற்றைக் காயில், வெள்ளை மூடி போட்டது. இன்னொன்று இரட்டைக் காயில், பளபளவென்று தகர மூடி. மூன்றாவது கல்கத்தாவில் செய்த கறுப்பு.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் வீடு, அவள் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். காலேஜில் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் வீணை வாசிப்பாள். நான் சுருதி சேர்க்கும்போது எங்கோ பார்த்துக்கொண்டு, "இன்னும் செத்த ஏத்து" என்பாள். ஏற்றினால் சரியாக இருக்கும். பிக்கப் தேர்ந்தெடுக்க அவள் வராமல் முடியாது என்று நானே தீர்மானித்து, சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.

அவள் மதிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. கேட்டதற்கு வெயில் என்றாள். கடையில் அண்ணாச்சி கிதாரின் முன் தகட்டைக் கழற்றிவிட்டு, மரச் சில்லு முட்டுக்கொடுத்து டேப் ஒட்டி, ஒவ்வொரு பிக்கப்பாகக் கம்பிக்கு அடியில் நிறுத்திப் பற்றவைத்துக் கொடுத்தார். ஈயம் உருகும் வாசனையில் நான் கீழேயும், அவள் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேலே சுவரைப் பார்த்தும் உட்கார்ந்திருந்தோம்.

"என்னட்டி, அங்கிட்டுத் திரும்பி உக்காந்துட்ட?"

"பாத்தா, வெள்ளையா அழகா இருக்கிறதையே நல்லதுன்னு சொல்லிடுவேன். நீ வாசி."

முதலில் கறுப்பு. மூக்கடைத்தவன் பாடுவது மாதிரி இருந்தது. அடுத்தது இரட்டை. கனமாக, சுத்தமாக, பின்னால் ஒரு இரைச்சல் இல்லாமல் வந்தது. அண்ணாச்சியே தலையாட்டினார். கடைசியாக வெள்ளை.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கம்பியை மீட்டியதும் சத்தம் கிதாரிலிருந்து வந்த மாதிரியே இல்லை, என் விரலுக்கும் நகத்துக்கும் நடுவிலிருந்து வந்த மாதிரி இருந்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது. விரல் தயங்கினால் அந்தத் தயக்கமும் கேட்டது. கூடவே ஒரு இரைச்சலும் இருந்தது, பக்கத்து மாவு மில் மோட்டார் ஓடுகிறபோது இன்னும் கூடியது. நான் அப்படி இப்படித் திரும்பிப் பார்த்தேன். ஊரை ஒட்டிய சஞ்சீவி மலையைப் பார்க்க உட்கார்ந்தால் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அப்படியே உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்க வாசித்தேன்.

அவள் திரும்பவேயில்லை. "போறும்டி. இதுதான்" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து மூன்றையும் கேட்டார். வெள்ளையின் இரைச்சல் அவருக்குப் பிடிக்கவில்லை.

"திரும்பி உக்காந்தா இரைச்சல் குறைஞ்சிரும்ணே. மலைப் பக்கமாத் திரும்பினாப் போதும்."

"ஆராதனையில நீ மலையப் பாத்துக்கிட்டு உக்காந்தா, சபை உன் முதுகையா தங்கச்சி பாக்கும்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனாலேயே சண்டை போட முடியாமல் போனது. கிதார் சர்ச்சுடையது. அவர் சொன்னதும் தப்பில்லை. அண்ணாச்சி உளி எடுத்து, இரட்டைக் காயில் உட்காரும் அளவுக்குக் கட்டையில் குழியைப் பெரிதாக்கினார். வெள்ளையைப் பஞ்சில் சுற்றி மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு கிதார் நன்றாகவே கேட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

பரீட்சை முடிந்த கையோடு என் சிநேகிதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வடக்கே இரும்பு ஆலையில் வேலை. ரயில் ஏறும்போது நான் போயிருந்தேன். கூட்டத்தில் கையை ஆட்டினோம், அவ்வளவுதான்.

நான் டீச்சர் வேலைக்குப் போனேன். எனக்கென்று ஒரு கிதார் வாங்கினேன். அதன் பிறகுதான் அந்த வெள்ளையைத் தேட ஆரம்பித்தேன். மதுரைக் கடைகளில் கேட்டேன், மெட்ராஸ் போனபோது கேட்டேன். "எந்த மாடல் மேடம்?" என்பார்கள். மாடல் தெரியாது. "வெள்ளை மூடி, ஒற்றைக் காயில், தொட்டாப் பேசுற மாதிரி" என்பேன். எடுத்துக் கொடுப்பார்கள். போட்டுப் பார்ப்பேன். ஒன்று கண்ணாடி உடைவது மாதிரி கிறீச்சிட்டது. ஒன்று பிடித்திருந்தது, ஆனால் மெதுவாக வாசித்தால் வாயை மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்குது" என்பார். நான் கடைசியாகப் போட்டதை அப்படியே விட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடிப்பூரத்துக்கு அவள் தன் மகளோடு அப்பா வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கிதாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தேர்க் கூட்டத்தில் அவற்றோடு மாட வீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வீடு முழுக்க உறவுக்காரர்கள். மச்சு அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வீணையை எடுத்து எம்புட்டு நாளாச்சு என்று கேட்டதற்கு, கையை மட்டும் விரித்தாள்.

நான் வாசித்தேன். "நன்னாருக்கு" என்றாள்.

"அன்னைக்கு அண்ணாச்சி கடையில கேட்டோமே, வெள்ளை. அது மாதிரி இருக்காட்டி?"

"அது எப்படி இருந்ததுன்னு எனக்கு நினைவே இல்லைடி. அன்னிக்குக் காலையிலதான் அவா என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தா. எல்லாம் பேசி முடிச்சாச்சு. உன்கிட்ட சொல்லணும்னுதான் பஸ் ஏறினேன். அங்க நீ ஆசையா மூணையும் பரப்பி வெச்சுண்டு இருந்தே. எப்படிச் சொல்றது? அதான் சுவரைப் பாத்து உக்காந்தேன்."

"அப்போ வெள்ளைதான்னு சொன்னியே?"

"நீ அதை வாசிக்கறச்சே அழுகை வந்துடுத்து. இன்னும் கேட்டா உங்க அண்ணாச்சி முன்னாடி விசும்பிடுவேன். அதான் போறும்னேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. "குடு இதை" என்று கிதாரை வாங்கி, வீணை மாதிரி குறுக்கே மடியில் போட்டு, சரளி வரிசையின் முதல் வரியை ஒற்றைக் கம்பியில் தடவித் தடவி வாசித்தாள். ரெண்டு இடத்தில் தப்பாகப் போனது. ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். மகள் வந்து கதவைத் தட்டியபோது இரண்டாவது வரியில் இருந்தாள்.

அடுத்த ஆடிக்கும் வருவதாகச் சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் அப்பாவும் அம்மாவும் மகனோடு பெங்களூர் போய்விட்டார்கள். அதன் பிறகு அவளுக்கு இந்தப் பக்கம் வர வேலை இல்லை. நான் ஒருமுறை மம்சாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மாட வீதி வரை நடந்தேன். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மச்சு ஜன்னலில் யாருடைய பள்ளிக்கூடச் சட்டைகளோ காய்ந்தன. கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண், "யாரைத் தேடுறீக?" என்று கேட்டாள். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு, ராஜபாளையம் பஸ் வரும் இடத்துக்கு நடந்தேன்.