ஆய்வாளர் பிரிஸ்கில்லாவின் சொந்த ஊர்

பிரிஸ்கில்லா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய அண்ணி செபாஸ்தியம்மாளைக் கேட்டால், "வீடு வீடாப் போயி, என்ன சாப்டீங்கன்னு கேக்குற வேலை" என்பாள். "அதுக்குச் சம்பளம் வேற தாராய்ங்க" என்று ஒரு சிரிப்பும் சேர்த்துக்கொள்வாள். காதில் விழுந்தால் பிரிஸ்கில்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆற அமர யோசித்துப் பார்த்தால், அண்ணி சொன்னதில் பிழை ஒன்றும் இருக்காது.

அந்த வேலைக்கு அவள் நேராக வந்து சேரவில்லை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் நூலின் தரம் பார்க்கப் போனாள். மில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே வந்த காலம் அது. பிறகு பிரசவ லீவில் போகிற டீச்சர்களுக்குப் பதில் டீச்சராக ஒரு பள்ளிக்கூடம். அதுவும் ஓய்ந்தபோது, ஏதோ ஒரு சர்வேக்கு வெயிலில் அலைய ஆள் தேடினார்கள். போனாள். அலைந்ததில் ருசி கண்டுவிட்டாள். காந்திகிராமத்தில் சேர்ந்து முதுகலையும் முடித்தாள். ஆனாலும் வருடக்கணக்காக அவளுக்குக் களப்பணியாளர் என்றுதான் பெயர். இந்த வருடம்தான் ஆய்வாளர் ஆனாள், அதுவும் தற்காலிகமாக. இந்த அறிக்கை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம்.

திண்டுக்கல் அலுவலகத்துக்குத் தலைவி முனைவர் தமிழ்மதி. ஒட்டன்சத்திரத்துத் தக்காளி மண்டிக் குடும்பம். வெளிநாடு போய்ப் பொருளாதாரம் படித்துவிட்டு, பேச்சில் ஊர்வாசனை குறையாமல் திரும்பி வந்தவள். பிரிஸ்கில்லாவைவிட வயதில் இளையவள் என்பதால் 'அக்கா' என்பாள். பிரிஸ்கில்லா 'மேடம்' என்பாள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக, ஆய்வாளர்கள் எல்லோரும் தங்கள் பணிப் பின்னணியை நாலு வரியில் எழுதித் தரவேண்டும் என்று தமிழ்மதி கேட்டிருந்தாள். ஒருவர் டெல்லியில் படித்தவர், இன்னொருவர் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். அவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு பிரிஸ்கில்லா தன் வரிகளிலிருந்து மில்லை எடுத்துவிட்டாள். ஊரின் பெயரையும் எடுத்துவிட்டாள். அருளப்பன்பட்டி என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இப்போது கையிலிருந்த ஆய்வு, வடமதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. போன ஏழு நாளில் முட்டை, மீன், கறி எத்தனை தடவை? எந்த ஊரில் பெண்கள் இவற்றை ரொம்பக் குறைவாகச் சாப்பிடுகிறார்களோ, அந்த ஊரில் வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழியும் கூண்டும் கொடுப்பார்கள். பணம் போடுகிறவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். ஊர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கணக்கு பிரிஸ்கில்லாவிடம் இருந்தது.

மாசி மாதம் வெள்ளைப்பாறைப்பட்டிக்குப் போக எல்லாம் தயார். தண்ணீருக்கே தாளம் போடுகிற மானாவாரி ஊர் அது. புறப்படும்போதுதான் அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பது தெரிந்தது. பிரிஸ்கில்லா ஜீப்பை நிறுத்திவிட்டாள்.

"காப்புக் கட்டுன ஊருல போயி கறி தின்னியான்னு கேட்டா, வெளக்கமாத்தத் தூக்கிருவாக. அதுவும் போக, கணக்கே தப்பா வந்துரும் மேடம். திருவிழா முடியட்டும். அதுக்குள்ள எங்க ஊர முடிச்சிர்றேன்" என்றாள்.

தமிழ்மதி அசந்துபோனாள். "இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க்கா" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிரிஸ்கில்லாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர்ந்த உச்சியோடு அருளப்பன்பட்டிக்குப் போனாள். தென்னந்தோப்பும் கிணறுமாக ஓரளவு செழிப்பான ஊர். வீட்டுக்கு வீடு கேட்டாள். முட்டை? இல்லை. மீன்? இல்லை. கறி? இல்லவே இல்லை. எல்லாவற்றையும் அப்படியே குறித்துக்கொண்டாள். திருவிழா முடிந்த வாரம் வெள்ளைப்பாறைப்பட்டிக்கும் போய் வந்தாள். இரண்டு ஊரையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது கோழிக்கு முதல் தகுதி அருளப்பன்பட்டிக்கு வந்தது. வெள்ளைப்பாறைப்பட்டி பட்டியலிலேயே இல்லை. நம் ஊர்ப் பெண்கள் வெளியில் சொல்லாமல் இவ்வளவு கஷ்டப்படுகிறார்களா என்று பிரிஸ்கில்லா மனதுக்குள் வருத்தமும் பட்டாள்.

அறிக்கை அனுப்புவதற்கு முந்தைய நாள் ஈஸ்டர். பூசை முடிந்து அண்ணன் அமலன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செபாஸ்தியம்மாள் ஆட்டுக்கறிக் குழம்பை அவள் தட்டில் ஊற்றினாள்.

"நல்லாச் சாப்புடு பிரிஸ்கி. தவக்காலம் பூராம் வாயக் கட்டிக் கெடந்தோம்ல. இந்த ஊருல இன்னிக்குத்தான் கறிச்சட்டியே அடுப்பு ஏறுது."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

தவக்காலம்! சாம்பல் புதன் தொடங்கி நேற்றுவரை ஊரே கறியும் முட்டையும் தொடாமல் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. கேள்வி கேட்கப் போனவளும் அன்றைக்கு ஒருசந்திதான். தன் வயிறு காய்ந்திருப்பதை மறந்துவிட்டு, அடுத்தவர் வயிறு காய்வதைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வேறு யார் கேட்டிருந்தாலும் அந்தப் பெண்கள் "தவக்காலங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். பிரிஸ்கில்லாவுக்குப் போய் யார் தவக்காலத்தை விளக்குவார்கள்?

வெள்ளைப்பாறைப்பட்டியில் நடந்ததும் அப்போதுதான் உறைத்தது. திருவிழா முடிந்து வீட்டுக்கு வீடு கெடா வெட்டிய வாரத்தில் போயிருக்கிறாள். வருடத்துக்கே கறி தின்கிற நாலு நாளைப் பார்த்து அவர்களைப் பணக்காரர்கள் ஆக்கியிருக்கிறாள்.

"என்னாத்தா, உப்பு இல்லையா?" என்றாள் அண்ணி. "நல்லா இருக்கு மைனி" என்றாள். விழுங்க முடியவில்லை. கொல்லையில் அமலன் கோழிக்கூண்டுக்கு மேடை கட்டியிருந்தான். சிமெண்டுகூட இன்னும் காயவில்லை. முதல் தகுதி நம் ஊருக்குத்தான் என்று அவளே வாய்விட்டிருந்ததால், ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் வேலை போகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது. மதியம் முழுக்க இதையே போட்டு உழப்பினாள். ஆனால் கண்ணை மூடினால் வெள்ளைப்பாறைப்பட்டியில் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள்தான் வந்தார்கள். அவர்களுடைய கோழியைத்தானே இங்கே மேடை கட்டி வரவேற்கிறார்கள்?

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும், பையைக்கூட வைக்காமல் தமிழ்மதி முன்னால் போய் நின்றாள்.

"மேடம், ரிப்போர்ட்ட அனுப்பாதீக. நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்று தொடங்கி, கறிக்குழம்புவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

தமிழ்மதி நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பிரிஸ்கில்லா பதறிப்போனாள். பார்த்தால் சிரிக்கிறாள்.

"என்ற உசிரே இப்பத்தான் வந்துச்சுங்க்கா! தண்ணி இல்லாத ஊர்ல கறி தின்றாங்க, தோப்பு வெச்சிருக்கறவங்க பட்டினின்னு வந்தா எப்படிங்க அனுப்பறது? நான் சரிபாத்ததுதான் தப்போன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன். இம்புட்டுப் படிச்சும் ஒண்ணும் புரியலைன்னு யார்ட்டங்க சொல்றது?"

"அப்ப இன்னும் அனுப்பலையா மேடம்?"

"தைரியமே வரலீங்க்கா."

பிரிஸ்கில்லா பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிறு கபகபவென்று பசித்தது. நேற்று வைத்த கறிக்குழம்பு நினைவுக்கு வந்தது.

தவக்காலமும் திருவிழாவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் இரண்டு ஊரையும் மறுபடி கேட்டார்கள். கோழிகள் வெள்ளைப்பாறைப்பட்டிக்குப் போயின. பிரிஸ்கில்லாவின் வேலையும் நிரந்தரமானது. "ஏமாந்ததை நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்றாள் தமிழ்மதி.

பாக்கி இருந்தது அண்ணி. பட்டியல் மாறிய வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், கோழி வராது என்பதையும் ஏன் வராது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

செபாஸ்தியம்மாள் இடுப்பில் கை வைத்து முறைத்தாள். "கோழி போனாப் போகுது. அதை விடு. நாங்க சாமிக்குன்னு விட்டத, நீ இல்லாம கெடக்கோம்னு எழுதிட்டியா? வெளிநாட்டுக்காரன் நம்மளப் பத்தி என்னடி நெனைச்சிருப்பான்!"

"அனுப்பல மைனி. அதுக்குள்ள சொல்லிட்டேன்."

"பொழச்சோம்" என்றாள் அண்ணி. உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தாள். "உக்காரு. இன்னிக்கு மீன் கொழம்பு. இதையாவது ஒழுங்கா எழுது."

பிரிஸ்கில்லா வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, தமிழ்மதிக்கு அனுப்பவேண்டிய அந்த நாலு வரியைத் திறந்தாள். மில்லைத் திரும்பச் சேர்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, 'சொந்த ஊர் அருளப்பன்பட்டி' என்று எழுதினாள்.