மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாடம்

பதினாலு வயதில் பெரியவன், பத்து வயதில் நடுவுள்ளவள், ஆறு வயதில் பொடியன். மூன்று பேருக்கும் சேர்த்து அம்மா ஒருத்தி, உலகப்படப் புத்தகம் ஒன்று, சமையலறை மேஜை ஒன்று. பேரரசு ஏன் சரிந்தது என்று பெரியவனுக்கு விளக்கினால் பொடியன் மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். பொடியனுக்குத் திசை சொல்லிக்கொடுத்தால் பெரியவன் விடுகிற கொட்டாவியில் வீடே உள்ளே போய்விடும். எத்தனை நாள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள், பாவம்! கடைசியில் வரலாறு பூகோளம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிட்டாள். எங்கே என்பது பொடியனுக்கு, எப்போது என்பது நடுவுள்ளவளுக்கு, ஏன் என்பது பெரியவனுக்கு.

அதற்கப்புறம் பாடம் பறந்தது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு பெயரைச் சொல்ல வேண்டியதுதான் தாமதம், பொடியன் படத்தில் விரலை வைப்பான், அக்காக்காரி வருஷத்தைச் சொல்வாள், பெரியவன் காரணத்தைப் புட்டுப் புட்டு வைப்பான். லாரி ஓட்டுகிற புருஷன் வீட்டிலிருந்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்.

இத்தனை கூத்தும் நடுவுள்ளவளுக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பதில் சொல்ல எழுந்தவளுக்கு வார்த்தை சிக்கிக்கொண்டது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. டீச்சரும் சிரித்தார், அதுதான் கொடுமை. அன்றைக்கு மூடிய வாய் வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுவாள். மழைக்காலம் போய் வெயில் வந்தும் அதே கதைதான். அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைந்து வீட்டிலேயே படிக்க வைக்க அனுமதி வாங்கினாள். மகளைத் தனியாக விட மனசில்லாமல் மூன்று பேரையுமே வீட்டோடு வைத்துக்கொண்டாள். ஒருநாள் கொலம்பஸ் கப்பலேறிய வருஷத்தைப் பெரியவன் தப்பாக உளற, “தொண்ணூத்தி ரெண்டுடா, மக்கு!” என்றது ஒரு குரல். அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அதிலிருந்து வருஷங்கள் எல்லாம் அந்தப் பெண்ணின் சொத்து.

இன்றைக்கு வந்திருந்தது கல்வி அதிகாரி. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைச் சோதித்து, அனுமதி நீடிக்குமா, பள்ளிக்கூடமா என்று முடிவு செய்கிற அம்மாள். நல்ல மாதிரிதான், சிரித்த முகம். அம்மா மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள்.

“ஒவ்வொருத்தரா வரட்டும்மா,” என்றார் அதிகாரி.

அம்மா முன்னால் வந்தாள். “மேடம், இவங்க சேர்ந்துதான்...”

“சேர்ந்து கேட்டா யாருக்கு என்ன தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெரியவன் எப்படியோ சமாளித்தான். பொடியனைக் கன்னத்தில் தட்டி அனுப்பிவிட்டார். நடுவுள்ளவள் உள்ளே போனாள். அம்மா அறை வாசலில் சுவரோடு சுவராக நின்றாள்.

“நைல் நதி எந்தக் கண்டத்துல இருக்கு, சொல்லும்மா?”

பெண் திருதிருவென்று விழித்து, வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“யாரைத் தேடுற?”

“தம்பிய,” என்றாள் மெல்ல. “எங்கேங்கறது அவன்கிட்டதான் இருக்கு.”

அம்மா உள்ளே ஓடினாள். “வருஷம் கேளுங்க மேடம்! எதை வேணா கேளுங்க, சொல்லுவா!”

அதிகாரி பேனாவை மூடினார். “பரீட்சைக்குத் தம்பியும் கூட வருவானாம்மா? ஒரு மாசம் கழிச்சு வர்றேன். எல்லாத்துக்கும் இவளே தனியா பதில் சொல்லணும். இல்லேன்னா ஸ்கூல்தான், வேற வழியில்ல.”

தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அம்மாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. பேச வைத்தவளும் அவள்தான், தனியாகப் பேச முடியாமல் ஆக்கியவளும் அவள்தான். மறுநாள் பையன்கள் இரண்டு பேரையும் மாடி வீட்டுக்கு அனுப்பினாள். மகளை மட்டும் மேஜையில் உட்கார வைத்துப் படத்தை விரித்தாள்.

“சொல்லுடி கண்ணு. நைல் எங்க?”

மகள் படத்தையே பார்த்தாள்.

“என் செல்லமில்ல. இதோ பாரு, ஆப்பிரிக்கா. எங்கே சொல்லு, ஆப்பிரிக்கா.”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா கெஞ்சினாள், கொஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாசம்தான் என்ற நினைப்பு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. “உன்னால என் உசுரே போகுதுடி! வாயைத் தொறந்தா என்ன கேடு?” என்று புத்தகத்தை ஓங்கி மேஜையில் அடித்தாள். பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னதை அள்ளி விழுங்க முடிந்தால் அம்மா அந்த நிமிஷமே விழுங்கியிருப்பாள். கட்டிப்பிடிக்கப் போனாள். மகள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

பையன்கள் திரும்பி வந்ததும், எல்லாம் சரியாகிவிடும் என்று மூவரையும் பழையபடி உட்கார வைத்தாள்.

“பிரமிடு,” என்றாள்.

“எகிப்து!” பொடியன் விரலை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். பெரியவனும் பார்த்தான். அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, உன் முறை,” என்று அவள் கையை உலுக்கினான் பொடியன். அவள் கையை உருவிக்கொண்டாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டான்:

“அம்மா, நாங்க இல்லாதப்ப அக்காவ என்ன பண்ணின?”