ஆன்டிபாடி பிரிவு, வணக்கம்

எங்க தொழில்ல சரக்கு நல்லா இருந்தா ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க. மணி அடிச்சாலே புகார்தான். புகார் கேக்குற நாற்காலியில உக்காந்து காலம் தள்ளின என் சக ஜீவன்களே, உங்களுக்கு இதைச் சொல்லணும்னு அவசியமே இல்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் மூணு வருஷம், ஒரகடம் பக்கத்துல ஒரு குளிர்பதனக் கிடங்குல எனக்கு வேலை. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேண்டிய சரக்கை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு அனுப்புற கம்பெனி. சுத்தி எங்க பாத்தாலும் கார் பாகம் பண்ற ஷெட்டுங்க. எங்க கிடங்குல பயோகெமிஸ்ட்ரி படிச்ச ஒரே ஆள் நான். எனக்கு ஒரு மேசை, ஒரு போன், ஒரு ரிஜிஸ்டர். சாயங்காலம் அன்னைக்கு வந்த புகாரை அதுல எழுதிட்டுக் கிளம்பணும்.

மூஞ்சி தெரியுது

என் பொறுப்புல இருந்த சரக்குல ரொம்பப் படுத்தினது ஒரு ஆன்டிபாடி, அதாவது தனக்குன்னு உள்ள ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற இன்னொரு புரதம். செல்லுக்குள்ள எந்த மரபணு எப்போ வேலை செய்யணும்னு முடிவு பண்ற கூட்டத்துல ஒரு கைனேஸ் புரதம் உண்டு. அதுல குறிப்பிட்ட ஓர் இடத்துல பாஸ்பேட் ஒட்டியிருந்தா, அது முழிச்சு வேலை பாக்குதுன்னு அர்த்தம். எங்க ஆன்டிபாடி பாஸ்பேட் ஒட்டின புரதத்தை மட்டும்தான் பிடிக்கும். அதே புரதம் பாஸ்பேட் இல்லாம வந்து நின்னா கண்டுக்கவே கண்டுக்காது.

இதை நான் பாடப் புத்தகத்துல படிச்சப்போ புரிஞ்சதைவிட, பேட்ஜை மறந்துட்டுப் போன ஒரு திங்கக்கிழமை நல்லாப் புரிஞ்சுது. கேட்ல வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன், வடக்குப்பட்டுக்காரர். ரெண்டு வருஷமா தினமும் எனக்குக் கேட்டைத் திறந்து விடுறவர். அன்னைக்கு முக்கால் மணி நேரம் வெயில்ல நிக்க வச்சுட்டார். அவர் சொன்னது:

"மூஞ்சி தெரியுதும்மா, பேட்ஜ் கீதான்னுதான் கேக்குறாங்க. நான் இன்னா பண்றது?"

டப்பா மட்டும் வந்தது

ஆன்டிபாடி வர்ற குப்பி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அடியில ரெண்டு சொட்டு. அதை உலர்பனிக்கட்டி போட்ட பெரிய தெர்மகோல் பெட்டியில வச்சு அனுப்புவோம். போய்ச் சேர்றதுக்குள்ள பனிக்கட்டி பாதி, சில சமயம் முழுசும், தண்ணிகூட விடாம ஆவியாப் போயிடும்.

ஒரு காலேஜ் ஸ்டோர்கீப்பர் பெட்டியைப் பிரிச்சுக் கவுத்துத் தட்டிப் பாத்திருக்கார். குப்பி மூலையில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குப் போன் போட்டு, ரொம்ப நிதானமா, போலீஸ்காரர் மாதிரி விசாரிச்சார்:

"ஐஸையும் காணோம், சாமானையும் காணோம். வழியில யாரும்மா பிரிச்சது?"

மஞ்ச வாளி

குன்றத்தூர்ல ஒரு ரூம்ல நாலு பேர் தங்கியிருந்தோம். எனக்கு சங்கரன்கோவில். மத்த மூணு பேருக்கும் காருக்கு ஒயர் கட்டுற லைன்ல ஷிப்ட் வேலை. நான் கிளம்பும்போது அவங்க தூங்குவாங்க, நான் திரும்பும்போது ஷிப்டுக்குப் போயிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஓடி (ஓவர்டைம்) இருந்தா அதுவும் போச்சு. பாத்ரூம்ல வரிசையா நிக்கிற நாலு கலர் வாளியைப் பாத்துத்தான் நாலு பேர் இருக்கோம்னே தெரியும். வாரத்துல அஞ்சு நாள் நான் வாய் திறந்து பேசுறது "ஆன்டிபாடி பிரிவு, வணக்கம்" மட்டும்தான். அழுகை வர்ற அளவுக்குத் தனியா இருந்தேன், அதைச் சொல்றதுல எனக்கு வெக்கமில்ல.

ஒரு பொங்கல் லீவுக்கு ரூம்ல உக்காந்திருந்தேன். உசிலம்பட்டிப் பொண்ணு ஒண்ணு, எட்டு மாசமா என் பக்கத்துப் பாய்ல படுக்கிறவ, என்னை உத்துப் பாத்துட்டுக் கேட்டா:

"நீங்கதான் அந்த மஞ்ச வாளியாக்கா?"

பால் கலக்குற சத்தம்

இந்தச் சமயத்துலதான் கோயம்புத்தூர்ல இருந்து சுகன்யா கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஆராய்ச்சி மாணவி. புரதங்களை ஒரு தாள்ல ஏத்தி, எங்க ஆன்டிபாடியை ஊத்தி, பிலிம் எடுத்தா, தேடுற புரதம் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு கோடு விழணும். அவங்களுக்குப் பிலிம் முழுக்கக் கறுப்பு. முதல்ல திட்டினாங்க. அப்புறம் தினமும் கூப்பிட்டாங்க. நானும் ஒவ்வொண்ணா மாத்தச் சொல்வேன். நடுவுல "சாப்டீங்களா?"ன்னு கேப்பாங்க. அந்த மூணு வருஷத்துல என்னை அப்படிக் கேட்ட ஆள் அவங்க ஒருத்தர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னாங்க, சாம்பிள் இன்னும் ரெண்டு தடவைக்குத்தான் இருக்கு, இந்த மாசத்துக்குள்ள படம் வரலைன்னா கைடு அந்த அத்தியாயத்தையே எடுத்துடச் சொல்லிட்டாருன்னு. நாலு வருஷ உழைப்பு. பேசிக்கிட்டே, "லைன்ல இருங்க, பால் கலக்கிட்டு இருக்கேன்"னாங்க. டீக்கான்னு கேட்டேன். "இல்லீங்க, தாளுக்கு."

அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க, தாளைப் பால் பவுடர் கரைசல்ல ஊற வைக்கிறது எல்லா லேப்லயும் வழக்கம். யாரும் அதை ஒரு விஷயமா சொல்றதுகூட இல்ல. ஆனா பால்ல இருக்கிற புரதத்துலயே பாஸ்பேட் நிறைய உண்டு. பாஸ்பேட்டைத் தேடுற ஆன்டிபாடி அதுலயும் போய் ஒட்டிக்கும், பாலுக்குப் பதிலா ஆல்புமின்ங்கிற வேற புரதம்தான் போடணும். எங்க விளக்கத் தாள்ல பொடி எழுத்துல இருக்கும். அந்தத் தாள் தெர்மகோலோட குப்பைக்குப் போயிருக்கும்.

சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டாங்களேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்"னு வச்சுட்டேன்.

மறுநாள் அவங்களே கூப்பிட்டாங்க:

"மனசு கேக்கலீங்க, நேத்தே ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டேன். மறுபடியும் கறுப்புத்தான். இனி ஒண்ணே ஒண்ணுதாங்க பாக்கி."

ஒரே கோடு

ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொன்னேன். பால் வேண்டாம், ஆல்புமின் போடுங்க, பால் ஊத்தின பழைய டப்பாவைத் தொடாதீங்க, கழுவுறதுக்குப் புதுக் கரைசல் கலந்துக்குங்க. அவங்க எழுதிக்கிட்டாங்க. நேத்தே எனக்குத் தெரியும்கிறதை மட்டும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

நாலு நாள் அவங்ககிட்ட இருந்து போன் வரல. கிடங்குல பல்லி கத்தினாக்கூட ரிசீவரைப் பாத்தேன். அஞ்சாம் நாள் மத்தியானம் மணி அடிச்சுது. "வந்துருச்சுங்க. ஒரே கோடு, சுத்தமா"ன்னாங்க. என் பேரைக் கேட்டுக்குவாங்கன்னு காத்திருந்தேன். பின்னாடி யாரோ கூப்பிட்டாங்க போல. அவசரமா, ரொம்ப அன்பா சொன்னாங்க:

"இனிமே உங்களத் தொந்தரவே பண்ண மாட்டேனுங்க."

அன்னைக்குச் சாயங்காலம் ரிஜிஸ்டர்ல 'புகார் ஏதுமில்லை'ன்னு எழுதினேன், மானேஜர் அதைப் பாத்துட்டு நல்ல நாள்னு கையெழுத்துப் போட்டார்.