குளிர்கிடங்கிலிருந்து வந்த எழுத்துகள்

நம்பினால் நம்புங்கள். இது என் கண்ணால் பார்த்தது. பட்டப்பகலில் பேயா என்று சிரிக்க வேண்டாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

ஊருக்கு வெளியே எங்கள் கம்பெனியின் மருந்துக் குளிர்கிடங்கு. உள்ளே ஒரு யூனிக்ஸ் கணினி, குளிரின் அளவைக் கோப்பில் பதிந்துகொண்டே இருக்கும். அலுவலகத்தில், என் டெர்மினலில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் அதை அழைக்கும். ‘லாகின்’ என்று கேட்டால் பெயர் கொடுக்கும், ‘பாஸ்வேர்ட்’ என்றால் அதையும் கொடுக்கும், கோப்பை இறக்கிக்கொள்ளும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்தது. நான் வேலைக்குப் புதிது.

அன்று விடுமுறை. காலையிலிருந்து இணைப்பே கிடைக்கவில்லை. கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கும் என் மனைவியின் தம்பியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, திரைக்கு முன் காத்திருந்தேன்.

மதியம் இணைப்பு கிடைத்தது. பயல் சரிசெய்துவிட்டான் என்று நிம்மதி. ஆனால் ஸ்கிரிப்ட் நகரவில்லை. ‘லாகின்’ வர வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று... விரல் மரத்துப்போனவன் தட்டுவதுபோல, அத்தனை மெதுவாக.

ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘குளிருது.’

போன் செய்தேன்.

“என்னடா, அங்க உக்காந்து நக்கலா?”

“என்ன மாமா? இப்பதான் உள்ள வந்தேன். மெஷின் செத்துக் கிடக்கு. ஒரு லைட்டுகூட எரியல.”

திரையில் அடுத்த எழுத்து வந்தது.

“அப்ப வேற யாருடா அங்க?”

“யாருமில்ல... ஆனா டைப் அடிக்கிற சத்தம் கேக்குது மாமா. நீங்களா?”

நான் எதையும் தொடவில்லை.

டக்... டக்...

‘பையனை வெளிய கூப்பிடு.’



“டேய்... ஓடு! வெளிய ஓடு!”

காலடிச் சத்தம்.

டமார்!



“மாமா...” அவன் குரல். “வெளிய வந்துட்டேன். கதவு தானா சாத்திக்கிச்சு. திறக்க மாட்டேங்குது.”

மறுநாள் பூட்டை உடைக்க வந்த மெக்கானிக் கதவைப் பார்த்ததுமே பின்வாங்கினார்.

“மறுபடியுமா?”

போன வருடமும் அவர்தான் உடைத்தாராம். அதுவும் ஒரு விடுமுறை நாள். கிடங்குக் காவலாளி உள்ளே மாட்டிக்கொண்டார். கையில் போன் இல்லை. கணினி மட்டும் இருந்தது.

“கீபோர்டு மேலயே கை விறைச்சுக் கிடந்துச்சு சார். ‘காப்பாத்துங்க, காப்பாத்துங்க’ன்னு திரை பூரா உங்க ஆபீசுக்கு அடிச்சிருந்தாரு.”

பழைய ஆட்களிடம் விசாரித்தேன். அன்று அலுவலகத்தில் யாருமில்லை. ஸ்கிரிப்ட் மட்டும் ஓடியிருக்கிறது. மாலைவரை கிடங்குக் கணினியை அழைத்து, அவர் அடித்ததைக் கண்டுகொள்ளாமல் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்திருக்கிறது.

திரும்பத் திரும்ப.